பச்சைப் புள்ளி

குறை சொல்வதுதான் என் வேலை. வீட்டில் உட்கார்ந்து சொன்னால் வாயாடி என்பார்கள். ஆபீசில் சொல்வதால் கழுத்தில் அட்டை மாட்டி, சோதனைப் பிரிவு என்று ஒரு மேஜையும் கொடுத்திருக்கிறார்கள்.

தூரத்தில் இருப்பவர்கள் முகம் பார்த்துப் பேசிக்கொள்ள எங்கள் கம்பெனி ஒரு செயலி செய்கிறது. அதில் எந்தப் புது வசதி வந்தாலும் வெளியே போவதற்கு முன் என்னிடம் வரும். ஒரு திருடன் கையில் இது கிடைத்தால் என்ன செய்வான் என்று நான் யோசித்துச் சொல்ல வேண்டும். யோசித்து யோசித்து எனக்கே திருட்டுப் புத்தி வந்துவிட்டதோ என்று சில நாள் தோன்றும். ஆபீசில் எனக்குச் சந்தேகப் பிராணி என்று பேர். முதுகுக்குப் பின்னால்தான் சொல்கிறார்கள். ஆனால் என் மேஜையைச் சுவரைப் பார்த்துப் போட்டிருப்பதால் எல்லோருமே என் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கிறார்கள்.

அப்பா வேறு ஊரில், நாங்கள் மூவரும் இருந்த பழைய இரண்டாம் மாடி வீட்டில் இருக்கிறார். அம்மா போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிவிட்டது. அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தவரை ஊரே அவரோடு பேசும், அவரும் ஊரோடு பேசுவார். பிறகு பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. இடது கை வரும், ஆனால் மெதுவாக. பேச்சும் வரும், அதைவிட மெதுவாக. என்னோடு வந்துவிடச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தேன்.

"உன் ரூம்ல நீ திரும்பிப் படுக்கவே இடமில்ல. நான் எங்க படுக்கறது, உன் லேப்டாப் மேலயா?" என்றார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நான் அங்கே போகலாம் என்றால் அங்கே எனக்கு வேலை இல்லை. இப்படியே இருவரும் ஆளுக்கொரு ஊரில் தங்கிப்போனோம்.

அவரைப் பார்த்துக்கொள்ள ஒரு அக்கா வருகிறார். இரவு அங்கேயே தூங்கி, காலையில் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, மதியம் தன் வீட்டுக்குப் போய் அங்கே இருக்கும் வேலையை முடித்துவிட்டுச் சாயங்காலம் திரும்புவார். நடுவில் அந்த மதியப் பொழுதில் அப்பாவும் ஜன்னலும் மட்டும்தான். அந்த ஓட்டையை அடைக்கத்தான் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு டேப்லெட்டை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, எங்கள் செயலியை வைத்துக் கொடுத்தேன்.

அதில் மூன்று வசதிகள் எனக்கு உயிர். முதலாவது, தானே எடுப்பது. குடும்பக் குழுவில் இருக்கும் யார் அழைத்தாலும் டேப்லெட் தானாகவே எடுத்துக்கொள்ளும். அப்பா கையைத் தூக்க வேண்டாம். அடுத்தது, குழுவில் சேருவது. கட்டம் கட்டமாக ஒரு கியூஆர் படம் இருக்கும். அதற்கு நேராகப் போனைக் காட்டினால் போதும், உள்ளே வந்துவிடலாம். கடைசியாக, அமைதிப் பார்வை. மணி அடிக்காது, பார்ப்பவர் முகமும் தெரியாது, சும்மா எட்டிப் பார்த்துவிட்டு வரலாம். தூங்குகிறவர்களை எதற்கு எழுப்ப வேண்டும் என்று எங்கள் டிசைனர் கருணையோடு செய்தது. மூன்றும் ஒவ்வொன்றாக, வேறு வேறு மாதங்களில் என் மேஜைக்கு வந்தன. மூன்றையும் தட்டிப் பார்த்து நானே பாஸ் போட்டேன். எங்கள் ஆபீசில் வசதிகள் அப்படித்தான் வரும், தனித்தனியாக. மூன்றும் சேர்ந்து ஒரே வீட்டில் குடியிருந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி யார் மேஜைக்கும் வராது.

அக்கா லீவு போட்டால் மாற்று ஆள் வருவார். நம்பரைத் தப்பாக அடித்துத் தொலைப்பார்கள் என்று அந்தக் கியூஆர் படத்தை நானே அச்சடித்து, அப்பாவின் தலைமாட்டுச் சுவரில் ஒட்டினேன். 'உதவிக்கு இதை ஸ்கேன் செய்யவும்' என்று பெரிய எழுத்தில் வேறு. கோணலாக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்துச் சரி செய்தேன். ஊரில் உள்ளவர்களை எல்லாம் சந்தேகப்படுகிறவளுக்கு அந்தக் காகிதத்தைச் சந்தேகப்படத் தோன்றவில்லை.

குழுவில் யார் புதிதாகச் சேர்ந்தாலும் எனக்குச் செய்தி வரும். வந்திருக்க வேண்டும். ஆனால் அக்கா தினமும் விடிந்ததும் ரோஜாப்பூ படத்தோடு 'இனிய காலை வணக்கம்' அனுப்புவார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, அந்தக் குழுவை மியூட் செய்து அதன் வாயையே அடைத்து வைத்திருந்தேன்.

அமைதிப் பார்வையை நாளுக்கு நாலைந்து முறை திறப்பேன். மீட்டிங்குக்கு நடுவில், சாப்பிடும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது. போர்வை ஏறி இறங்கும். மூச்சு இருக்கிறது. தண்ணீர் பாட்டில் எட்டும் இடத்தில் இருக்கிறது. சரி. மூடிவிடுவேன். ஒரு சோதனை ஓடி முடிந்து பாஸ் ஆவது போல மனசுக்குள் ஒரு டிக் விழும். மகள் கடமையை முடித்துவிட்ட திருப்தியும் கூடவே வரும். பேசுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

"எப்படிப்பா இருக்கீங்க?"

"இருக்கேம்மா."

"மாத்திரை?"

"போட்டாச்சு. நேத்து ஒரு... ஒரு..."

"டாக்டர் வந்தாரா? அக்கா சொன்னாங்கப்பா."

அவர் ஒரு வார்த்தையைத் தேட ஆரம்பித்தால் எனக்குப் பொறுக்காது. நானே எடுத்துக் கொடுத்துவிடுவேன். அவர் தேடியது அதுதானா என்று கேட்டதில்லை. அவரும் "ஆமாம்மா" என்று விட்டுவிடுவார்.

அன்றைக்கு ஆபீசில் யாருக்கோ பிறந்தநாள். மதியம் எல்லோரும் கேக் வெட்டப் போய்விட்டார்கள். என்னையும் கூப்பிட்டார்கள், போகிற போக்கில், வாசல் வரை போன பிறகு. நான் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு டப்பாவைத் திறந்தேன். கூடவே அமைதிப் பார்வையையும் திறந்தேன்.

அப்பா சிரித்துக்கொண்டிருந்தார்.

சாதாரணச் சிரிப்பு இல்லை. தோள் குலுங்க, கோணிய வாய் இன்னும் கோண, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கவாதத்துக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அறையில் யாரும் இல்லை. டேப்லெட்டைப் பார்த்துத்தான் சிரிக்கிறார். என்னைப் பார்த்தா என்று ஒரு நொடி நினைத்தேன், வெட்கங்கெட்ட நினைப்பு. அப்புறம்தான் அதிலிருந்து ஓர் ஆண் குரல் வந்தது.

"கண்ணாடிக்கு டிக்கெட்டா? நிஜமாவே கேட்டீங்களா ஐயா?"

"கேட்டேன். ஆளு... ஆளுயரக் கண்ணாடி. பாதி பஸ்ஸை அடைச்சுக்கிட்டு நிக்குது. அதுக்கு அவன் சொல்றான்..." அப்பா நிறுத்தினார். வார்த்தை வரவில்லை. அந்தக் குரல் அவசரப்படுத்தவில்லை. பொறுமையாக இருந்தது. நானாக இருந்தால் அதற்குள் இரண்டு வார்த்தை எடுத்துக் கொடுத்திருப்பேன். அப்பாவுக்கு அது வந்துவிட்டது. "அதுக்குள்ள இருக்கறது நீங்கதான் சார், நீங்களே டிக்கெட் எடுத்துக்குங்கன்னான்!"

இருவரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. இவ்வளவு நல்ல கதையை அவர் எனக்குச் சொன்னதே இல்லை.

"சரிங்க ஐயா. இன்னைக்கும் அந்த அம்மா கிளம்பிட்டாங்களா?"

"கிளம்பியாச்சு."

"வெளியில பூட்டிட்டுப் போவாங்களா, இல்ல சும்மா சாத்திட்டா? பீரோ சாவி அன்னைக்குச் சொன்னீங்களே, அங்கேயேதான் பத்திரமா இருக்கா? காலம் கெட்டுக் கிடக்கு ஐயா, அதான் கேட்டேன்."

என் கையில் ஸ்பூன் இருந்தது, அதைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. குழுவைத் திறந்து பார்த்தேன். நான், அப்பா, அக்கா, மாற்று ஆள் ஒருவர். அதற்குக் கீழே 'சர்வீஸ்' என்று ஒரு பெயர். படம் இல்லை. சேர்ந்து பல வாரம் ஆகியிருந்தது.

மைக்கைத் திறந்தேன். "யாருய்யா நீ?" என்று கத்தினேன். கேக் அறையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். அந்தப் பக்கம் பட்டென்று இணைப்பு அறுந்தது. ஆளைக் குழுவிலிருந்து தூக்கி எறிந்துவிட்டு என் கேமராவையும் போட்டேன். அப்பா திரையில் என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பின் மிச்சம் அவர் முகத்தில் இன்னும் இருந்தது, அது என் கண் முன்னாலேயே வடிந்தது.

"ஏம்மா அவனை விரட்டின?" என்றார்.

பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. அக்காவுக்குப் போன் போட்டேன், அவர் ஓடி வந்தார். சுவரிலிருந்த காகிதத்தைக் கிழிக்கச் சொன்னேன், பூட்டை மாற்றச் சொன்னேன், போலீசில் புகார் கொடுத்தேன். அவன் சேர்ந்திருந்த நம்பர் சம்பந்தமே இல்லாத யாரோ ஒருவர் பேரில் இருந்தது. யாராக இருக்கும் என்று அக்காதான் யோசித்துச் சொன்னார்: வெயில் காலத்தில் தண்ணீர் ஃபில்டர் மாற்ற வந்தவன் கட்டிலருகே ரொம்ப நேரம் நின்றானாம். எல்லாம் முடிந்ததும் கிடைத்த பஸ்ஸில் ஏறினேன்.

வீட்டில் அப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தார். சுவரில் காகிதம் இருந்த இடம் மட்டும் வெளுப்பாக, சதுரமாகத் தெரிந்தது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வழியெல்லாம் மனப்பாடம் செய்துவந்ததை ஒப்பித்தேன். அவன் திருடன், உங்களுக்கு விவரம் போதாது, யார் கேட்டாலும் சாவி இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுவதா, ஏதாவது ஆகியிருந்தால் என் கதி என்ன. மூச்சு வாங்க நிறுத்தினேன்.

"திருடன்னு தெரியும்," என்றார் அப்பா.

"என்னது?"

"முதல் நாளே தெரியும். டிக்கெட் எடுக்காம ஏறினவன் முழியை... எத்தனை வருஷம் பார்த்திருப்பேன்."

"தெரிஞ்சுமா சாவி எங்கன்னு சொன்னீங்க?"

"பீரோ மேல பிஸ்கட் டின்லன்னு சொன்னேன். போய்ப் பாரு."

எடுத்துப் பார்த்தேன். டின் நிறைய பழைய பஸ் டிக்கெட் கட்டுகள். ஓய்வு பெற்ற அன்று தீராமல் மிச்சமிருந்தவை. அப்பாவின் வாயோரம் லேசாக அசைந்தது.

"வந்து எடுத்திருந்தா ஆயுசுக்கும் ஓசியில போயிருக்கலாம். கீழ் வீட்ல எப்பவும் நாலு ஆம்பிளைங்க இருப்பாங்கன்னு சொல்லி வெச்சேன். மருமகன் போலீஸ்ல பெரிய... பெரிய ஆபீசர்னு சொன்னேன்."

"எனக்குக் கல்யாணமே ஆகலையேப்பா."

"அது அவனுக்குத் தெரியுமா?"

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இருந்தாலும் கோபம் விட்டபாடில்லை. "எல்லாம் தெரிஞ்சும் ஏன்ப்பா பேசினீங்க? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நான் தினம் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்!"

அப்பா இடது கையை மெல்லத் தூக்கினார். பாதி வழியில் அது நடுங்கி நின்றது, மறுபடி தூக்கி டேப்லெட்டின் மேல் விளிம்பைக் காட்டினார். கேமராவுக்குப் பக்கத்தில் கடுகளவு ஒரு விளக்கு உண்டு. கேமரா வேலை செய்யும்போது பச்சையாக எரியும். அது கருவியிலேயே இருப்பது, எங்கள் செயலியால் அதை அணைக்க முடியாது. அமைதிப் பார்வையைச் சோதித்த அறிக்கையில் அதை ஒரு வரியாக எழுதி, 'பாதிப்பு இல்லை' என்று நானே முடித்திருந்தேன்.

"அது எரியும்," என்றார். "நீ வந்திருக்கன்னு தெரியும். தலைமுடியைக் கொஞ்சம்... சரி பண்ணிக்குவேன். இன்னைக்காவது நீ பேசுவியான்னு பார்ப்பேன். அணைஞ்சிடும்."

நான் அந்த விளக்கைப் பார்த்தேன். இப்போது அணைந்துதான் இருந்தது.

"ஒரு நாளைக்கு நாலு தரம் எரியும், நாலு தரம் அணையும். அவன் வந்தா முகத்தைக் காட்டுவான்மா. சாப்பிட்டீங்களான்னு கேப்பான். திருடத்தான் கேட்டான், எனக்குத் தெரியாதா? ஆனா... பஸ் காலியா ஓடிச்சும்மா. டிக்கெட் இல்லாதவன் ஏறினாலும் ஏறட்டும்னு விட்டுட்டேன்."

எனக்கு அழுகை வந்தது. ஏழு கழுதை வயசாகி, அந்தப் பிஸ்கட் டின்னை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். அப்பா என் தலையில் கை வைக்கப் பார்த்தார். கை தோள் வரைதான் எட்டியது.

ஊருக்குக் கிளம்பும்போது டேப்லெட்டில் என்னென்ன மாற்றுவது என்று கேட்டேன். தானே எடுக்கும் வசதியை எனக்கு மட்டுமாவது விட்டு வைக்கலாம் என்றேன். அதையும் எடுத்துவிட்டால் அவருக்கு ஏதாவது ஒன்று ஆகும்போது நான் எப்படிப் பார்ப்பேன் என்ற பயம்.

"வேணாம். மணி அடிக்கட்டும்," என்றார். "விசில் என் கையில இருக்கணும். யாரை ஏத்தறது, யாரை விடறதுன்னு நான் பார்த்துக்கறேன். ஒரு கை இருக்கில்ல?"

ஆபீசில் அறிக்கை எழுதினேன். மூன்று வசதிகள், ஒரு சுவர், ஒரு காகிதம் என்று நடந்ததை நடந்தபடி வைத்தேன். மேனேஜர் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"இதெல்லாம் பக் இல்லம்மா, கோளாறுன்னு எதுவுமே இல்ல. எல்லாம் சொன்னபடி வேலை செஞ்சிருக்கு."

"அதான் சார் பயமா இருக்கு," என்றேன்.

டிசைனருக்கு முகம் செத்துவிட்டது. அமைதிப் பார்வையைத்தான் மக்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள், எத்தனை பேர் நன்றி எழுதியிருக்கிறார்கள் தெரியுமா என்றான். நன்றி எழுதியவர்கள் எல்லாம் பார்த்தவர்கள், பார்க்கப்பட்டவர் ஒருத்தராவது எழுதியிருக்கிறாரா என்று கேட்டேன். கேட்டுவிட்டேனே தவிர, ஜெயித்ததாகத் தோன்றவில்லை. அவனுக்கும் எங்கோ ஓர் அம்மா இருப்பாள், அவனும் நாலு தரம் எட்டிப் பார்ப்பான்.

கடைசியில் குழுவில் சேர்ந்ததாலேயே கதவு திறக்காது, சேருகிற ஒவ்வொருவரையும் வீட்டு ஆள் தனியாக ஒப்புக்கொள்ள வேண்டும் என்று மாற்றினார்கள். அமைதிப் பார்வையில் இனிமேல் பார்ப்பவர் முகமும் அந்தப் பக்கம் தெரியும். அப்படி வந்தபின் அதற்கு அந்தப் பேர் பொருந்தவில்லை என்று அந்த வசதியையே எடுத்துவிட்டார்கள். மேனேஜர் மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சோதனைக்காரர்களுக்கென்று பழைய பதிப்பு ஒன்று இருக்கும், அப்பா விஷயம் ஆயிற்றே, வேண்டுமானால் வைத்துக்கொள் என்றார். நல்ல மனுஷன். வேண்டாம் என்றேன். இடத்துக்குத் திரும்பி வந்ததும் ஏன் வேண்டாம் என்றோம் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

அன்று மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபின் அழைத்தேன். தலைமுடியைக் கொஞ்சம் சரி செய்துகொண்டு கேமராவைப் போட்டேன். மணி அடித்தது. இத்தனை நாளும் நான் எட்டிப் பார்த்த வீட்டின் வாசலில் முதல் தடவையாக நின்றுகொண்டிருந்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. தூங்குகிறாரா, விழுந்துவிட்டாரா, கை எழவில்லையா? பார்க்க வழியில்லை. என்னை ஏற்றிக்கொள்ள இஷ்டமில்லையோ என்றும் ஒரு நினைப்பு வந்தது. அதற்கும் அவருக்கு உரிமை உண்டு. மணி நின்றுவிட்டது. மறுபடி அழைத்தேன்.

திரை அசைந்தது. முதலில் ஒரு பெரிய விரல் தெரிந்தது, பிறகு விரல் விலகி அப்பாவின் முகம். மூச்சு வாங்கியது அவருக்கு.

"டிக்கெட்?" என்றார்.

"எடுத்துட்டேம்ப்பா." அடுத்து என்ன பேசுவது என்று தெரியவில்லை. "சாப்பிட்டீங்களா?"

"அவனும் முதல்ல இதைத்தான் கேப்பான்."

"அடுத்து என்ன கேப்பான்?"

"வேற ஏதாவது கதை சொல்லுங்க ஐயான்னு கேப்பான். சொல்லி முடிக்கிற வரைக்கும் சும்மா இருப்பான்."

"அப்போ எனக்கும் சொல்லுங்க. அன்னைக்கு அவன்கிட்ட சொன்னீங்களே, அதை முதல்லேர்ந்து."

அப்பா என்னை உற்றுப் பார்த்தார். தலையணையில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார முயன்றார். முழுதாக முடியவில்லை, முடிந்தவரை நிமிர்ந்தார்.

"மத்தியான டிரிப்பு. நல்ல கூட்டம். கடைசி ஸ்டாப்புக்கு முன்னாடி ஒருத்தன் ஏறினான். கையில ஒரு பெரிய... ஒரு பெரிய..."

கண்ணாடி. வார்த்தை என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். அப்பா கண்ணைச் சுருக்கி, ஜன்னல் பக்கம் பார்த்து, அதைத் தேடிக்கொண்டிருந்தார். எனக்குப் பின்னால் ஆபீசில் யாரும் இல்லை. அவர் தேடட்டும் என்று காத்திருந்தேன்.